நாலு விரல் குறைவு

"மாஸ்டர், தையல்காரங்க நமக்குக் குழி பறிக்கிறாங்க!"

உதவி கட்டர் மூச்சிரைக்க வந்து சொன்னதும், கட்டிங் மாஸ்டரின் கத்தரி பாதித் துணியில் நின்றது.

அந்தச் சட்டைக் கம்பெனியில் கட்டிங்குக்கும் தையலுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். ஆனால் ஏழாம் பொருத்தம். சட்டை கோணினால், "வெட்டு சரியில்லை" என்பார்கள் அவர்கள். "தைக்கத் தெரியலை" என்பார்கள் இவர்கள். இப்போது ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு வேறு.

"என்னய்யா பார்த்தே?"

"நாலு நாளா குசுகுசுன்னு பேச்சு. நான் போனா கப்சிப். காலர் தைக்கிற அக்கா, உங்க முதுகுக்குப் பின்னால டேப்பை நீட்டி அளக்குது. மெஷினுக்கு அடியில நம்ம நீலத்துணி வேற!"

பயம் வந்தால் மாஸ்டருக்குக் கூடவே கோபமும் வரும்.

"அவங்க முந்துறதுக்குள்ள நாம முந்திக்கணும்."

'தையல் பிரிவில் துணி திருட்டு. ஆளைக் கண்டுபிடித்து வேலையை விட்டு நீக்கவும்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

மதியம் காலர் அக்கா தலைமையில் பத்துப் பேர் தடுப்பைத் தாண்டி வந்தார்கள். மாஸ்டர் எதற்கும் இருக்கட்டும் என்று மர ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, இன்னியோட நீங்க வேலையில சேர்ந்து இருபத்தஞ்சு வருஷம். மிச்சத் துணியில எங்களால ஆனது."

ஒரு நீலச் சட்டை.

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நாங்களே வெட்டிட்டோம். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்."

கொஞ்சமா? தையல் முத்து முத்தாக இருந்தது. ஆனால் இடது கை நீளம் நாலு விரல் குறைவு. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் காகிதத்தோடு உள்ளே நுழைந்தார்.

"நீலத்துணியை எடுத்தது யாரு? இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுறேன்!"

காலர் அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான் சார்" என்றார் மாஸ்டர்.

"நீங்களா? புகார் எழுதினதே நீங்கதானே?"

"ஆமா சார். புத்தி கெட்டுப்போய் இவங்க மேல எழுதிட்டேன்."

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்வை சட்டையின் இடது கையில் வந்து நின்றது.

"அது சரி, இந்தச் சட்டையை வெட்டினது யாரு?"

மாஸ்டர் அந்தக் குட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுப் பார்த்தார். திருடன் என்று ஒத்துக்கொண்டது இவ்வளவு கஷ்டமாக இல்லை.

"அதுவும்... நான்தான் சார்."