ரத்து பண்றவனுக்கு இடம் பத்தல

கிளினிக் கம்ப்யூட்டர்ல மொழியத் தமிழுக்கு மாத்தினதும் 'கேன்சல்' பொத்தான் 'ரத்து செய்'னு ஆகி, உடம்பு பெருத்துப் போச்சு. "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க"ன்னு பக்கத்துல இருந்த 'சேமி' பொத்தான இடிச்சுது.

"நான் தள்ளினா என் இடத்துக்கு நீ வந்துருவடா. டைப் அடிக்கிற பூரணியம்மா எழுத்தப் பாக்க மாட்டாங்க, இடத்தப் பாத்துதான் அமுக்குவாங்க. காலையிலேர்ந்து அடிச்ச நாப்பது நோயாளிங்க விவரமும் போயிரும்."

"அப்ப நான் எங்க போறது?"

"கீழ் வரிசை காலியாத்தானே கெடக்கு."

முனகிக்கிட்டே அது இறங்குச்சு. பூரணியம்மா வழக்கமான இடத்துல அமுக்கினாங்க. எல்லாம் பத்திரமா சேந்துருச்சு.

"தமிழ் வேணும்னு நான்தான் கேட்டேன்"னு பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட பெருமையா சொன்னாங்க. "இப்பதான் படிச்சுப் பாத்து அமுக்க முடியுது."