வாட்ச்மேன் செத்த காட்சி

பதினோரு வருஷத்துக்குப் பிறகு நாகலிங்கத்துக்கு வசனம் உள்ள வேடம் கிடைத்திருந்தது. ஊரே பார்க்கும் ஒரு டிவி தொடரில் பிணவறை வாட்ச்மேன். ஒரு காலத்தில் உயிர்களைக் காப்பாற்றிய ஆம்புலன்ஸ் டிரைவர் சேது, கொலைமேல் கொலையாகச் செய்துகொண்டு போகும் கதை அது. அவன் ஒளித்துவைத்த பிணத்தை வாட்ச்மேன் பார்த்துவிடுகிறார். போலீசில் சொல்வேன் என்கிறார். சேது அவர் கழுத்தை நெரிக்கிறான். அந்தக் காட்சிக்காக நாகலிங்கம் இரண்டு நாள் சாகப் பழகியிருந்தார்.

அது ஒளிபரப்பான அன்று சாயங்காலம் அவர் மனைவி செண்பகம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் டிவி பார்க்க அழைத்திருந்தாள். திரையில் நாகலிங்கம் மண்டியிட்டு, "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குப்பா" என்று கெஞ்சினார். யாரோ விசில் அடித்தார்கள். கால்கள் உதைத்து அடங்கியதும் கூடம் முழுக்கக் கைதட்டல். தன் நடிப்புக்கென்று நினைத்து அவர் எழுந்து கும்பிட்டார்.

"உங்களுக்கு எதுக்கு சார் அந்த வேலை?" என்றார் எதிர்வீட்டு பாஸ்கர், சிரிக்காமல். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? பாவம், அவன் குடும்பத்துக்காகத்தானே எல்லாம் பண்றான்."

"இனிமே மாட்ட மாட்டான்" என்றாள் பாஸ்கரின் மனைவி, நிம்மதியாக.

எல்லோரும் போனபின் நாகலிங்கம் செண்பகத்திடம் கேட்டார். "நீயும் தட்டினியா?"

"ச்சீ, இல்லீங்க." அவள் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அந்த சீன்ல வெளிய போலீஸ் ஜீப் சத்தம் கேட்டுச்சில்ல? அவன் மாட்டிக்குவானோன்னு எனக்குப் பதறிடுச்சு. நீங்க சீக்கிரம் செத்தாத் தேவலைன்னு இருந்துச்சு."