சீராக வந்த மெஷின்

“ஐயோ, அப்பா!” என்று வாஷிங்மெஷின் அலறியதில் முகிலனின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்தது.

தண்ணீர் வடியவில்லை, அடியிலிருக்கும் ஃபில்டரைக் கழற்றி அடைப்பை எடுத்தால் போதும். ஆனால் கட்டில், பீரோ, மெஷின் என்று கல்யாணச் சீராக வந்த எதுவும் பெண் வீட்டாரைத் தவிர யாரையும் பழுது பார்க்க விடாது. மனைவி பூரணி அலுவலகத்தில் இருந்தாள். இன்டர்வியூவுக்கான ஒரே நல்ல சட்டையோ உள்ளே ஊறிக்கொண்டிருந்தது.

“உன்னை நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?” என்றான் முகிலன்.

“அப்பா வரட்டும்,” என்றது மெஷின்.

மாமனார் ஆட்டோவில் வந்திறங்கினார். ஃபில்டரிலிருந்து ஒரு காலுறையை அவர் உருவியதும் தண்ணீர் மடமடவென்று வடிந்து கதவு திறந்தது. ஈரச் சட்டையோடு இஸ்திரிப் பெட்டியைத் தேடி ஓடிய மருமகனை நிறுத்தினார்.

“இருங்க மாப்ளே. எம் பொண்ணு ஒரு வாரமா தனியாத்தான் படுக்கறாளாமே? கட்டில் போன் பண்ணி அழுதுச்சு.”