பந்து எங்க போச்சு?

"மறுபடியும் குதிகால்ல சாயறீங்க," என்றாள் மனைவி. "அதான் அடிச்சு முடிச்சதும் தள்ளாடுறீங்க."

கோல்ஃப் மைதானத்தில் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார் அவர். "இருபது வருஷம் ஆடினவனுக்கு நிக்கச் சொல்லித் தர்றியா? விட்டுடும்மா. இப்பல்லாம் என் காலே என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. மட்டையை யாருக்காவது குடுத்துடலாம்."

"குடுக்கலாம், குடுக்கலாம். முதல்ல ஷூவைக் கழட்டுங்க."

வெறுங்காலில் புல் பட்டதும் அவருடைய விரல்கள் தாமாகவே நிலத்தைப் பற்றின. அவள் குனிந்து இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்தாள். மட்டையின் முனையைப் பந்துக்குப் பின்னால் பொருத்தினாள்.

"மெதுவா வீசுங்க. முடிச்சதும் அப்படியே சிலையா நில்லுங்க. பந்தைப் பாக்கறேன்னு தலையைத் தூக்கிடாதீங்க."

"அந்தத் தப்பை மட்டும் நான் பண்ணவே மாட்டேன்," என்று சிரித்தார்.

வீசினார். பந்து பறந்தது. அவர் ஆடாமல் அசையாமல் நின்றார்.

"எங்க போச்சு?"

"நேரா கொடிகிட்ட! அடேயப்பா!"

பையில் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கைத்தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

அவர் அவள் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணுதான்மா போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. 'ப்ளக்'னு சத்தம் கேட்டுச்சே... கொடிகிட்ட எப்ப குளம் வெட்டினாங்க?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, குளத்துலயே போகட்டும். விழாம நின்னேன்ல?" என்றவர், கைத்தடியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "இன்னொரு பந்து வை."