தொடைப்பிடி

கூந்தலை விரித்துப் போட்டபடி அம்சவேணி கபடிக் களத்தில் இறங்கினாள்.

"முடியக் கட்டிக்கிட்டு வாம்மா" என்றார் நடுவர்.

"ஜெயிச்சிட்டு முடிஞ்சிக்கிறேன் சார்."

போன வருட இறுதிப் போட்டியில் எதிரணி மலர்க்கொடி அவளைச் சடையைப் பிடித்துத்தான் தரதரவென்று இழுத்துப் போட்டாள். தான் பார்க்கவில்லை என்று சொன்னவர் இதே நடுவர். இப்போது விசிலை வாயில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

இரண்டு அணியும் சமம். கடைசி ரைடுக்கு மலர்க்கொடி 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு வந்தாள். வருடா வருடம் பாரதக் கூத்தில் துரியோதனன் தொடை பிளந்ததும் பாஞ்சாலி கூந்தல் முடிவதைப் பார்க்கிற ஊர் அது. யாரும் சொல்லாமலே மொத்த ஜனமும் எழுந்து நின்று தன் தொடையைத் தட்டத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் தரை அதிர்ந்தது. அம்சவேணி குனிந்து பாய்ந்து மலர்க்கொடியின் தொடையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு உருண்டாள். பாட்டு அறுந்தது. விசில் ஊதியது யார் காதிலும் விழவில்லை.

புழுதி அடங்கியபோது மலர்க்கொடி மல்லாந்து கிடந்தாள். மூச்சிரைக்கச் சிரித்தபடி தன் தலையிலிருந்த ரப்பர் பேண்டை உருவி நீட்டினாள்.

"இந்தா புள்ள, முடிஞ்சிக்க. அடுத்த வருஷம் வந்து வாங்கிக்கிறேன்."

மலர்க்கொடியின் கூந்தல் மண்ணில் அவிழ்ந்து கிடந்தது.