லிமிட் ஒயர்

முத்துராஜா அந்த வண்டியைக் கொண்டுவந்தது காலையிலா மதியத்திலா என்று மெக்கானிக் கருத்தக்கண்ணனுக்கு இப்போது சரியாக நினைவில்லை. மழை தூறிக்கொண்டிருந்ததாக ஒரு ஞாபகம். அது வேறொரு நாளாகவும் இருக்கலாம்.

அவர் ஓட்டி வரவில்லை என்பது மட்டும் நிச்சயம். காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் வரைக்கும் அந்த பேட்டரி ஸ்கூட்டரைக் கையால் தள்ளிக்கொண்டே வந்திருந்தார்.

பின்பக்க மட்கார்டு இல்லை. இண்டிகேட்டர் ஒயரில் தொங்கியது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடந்தபோது படிந்த தூசி சீட்டில் அப்படியே இருந்தது.

அவருடைய மகள் சுபாஸ்ரீயின் வண்டி. கம்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். காலை டூட்டிக்கு வரும்போது, திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வளைவில், பின்னால் வந்த கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது.

கருத்தக்கண்ணன் அவள் சாவு எடுப்புக்கும் போகவில்லை, காரியத்துக்கும் போகவில்லை.

"தம்பி, இதுல லிமிட் ஒயர்னு ஒண்ணு இருக்காமே. அதை அறுத்து விட்டிரு" என்றார் முத்துராஜா.



லைசென்ஸ் தேவைப்படாத வண்டி. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடாதபடி கம்பெனியிலேயே ஒரு வெள்ளை ஒயரைப் பூட்டி அனுப்புவார்கள். அதை அறுத்தால் நாற்பதைத் தாண்டும். மெக்கானிக்குகள் சத்தமில்லாமல் செய்து கொடுக்கிற வேலைதான்.

"பிள்ளை கேட்டுக்கிட்டே இருந்தா. ஏலத்தோட்டத்து ஜீப்பெல்லாம் தோளை ஒரசிட்டுப் போகுதுப்பா, கார்க்காரன் முதுகுக்குப் பின்னாலயே நின்னு ஆரன் அடிக்கிறான், கொஞ்சம் வெரசாப் போனாத்தேன் ரோட்டுல வழி விடுறாகன்னு. நீ என்ன ஏரோப்ளேனா ஓட்டப்போறேன்னு ஏசிவிட்டேன்."

அவர் சீட்டின் தூசியைத் துடைக்கப் போனார். துடைக்காமல் கையை எடுத்துக்கொண்டார். பல நாளாகத் தூங்காத கண்கள்.

"இருபத்தஞ்சுலயே ஊர்ந்து போகவிட்டு நாந்தேன் கொன்னுட்டேன். அவ கேட்டத இப்பவாச்சும் செஞ்சு குடுத்துரணும்."

கருத்தக்கண்ணன் எழுந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

சொல்லிவிடலாம். நீங்கள் இல்லை, நான்தான் என்று. ஒரு நாள் சாயங்காலம் சுபாஸ்ரீ யூனிபார்மோடு வந்து நின்றாள். அப்பாட்ட மட்டும் சொல்லிறாதீகண்ணே என்றாள். அறுத்து விட்டான். வேகம் கிடைத்த தைரியத்தில் ஓரத்தை விட்டு நடுரோட்டுக்கு ஏறியிருப்பாள், கார்களோடு சமமாகப் போகப் பார்த்திருப்பாள். சேதி கேட்ட நாளிலிருந்து அவன் இதைத்தான் மென்றுகொண்டிருந்தான்.

மூடியைக் கழற்றியதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

கழற்றினான்.

ஒயர் சேர்ந்திருந்தது.

இரண்டு முனைகளையும் பழக்கமில்லாத கை முறுக்கியிருந்தது. மேலே ஆஸ்பத்திரி பிளாஸ்டர். ஊசி போட்ட கையில் ஒட்டுகிற அதே வெள்ளைத் துணி. அதை மட்டும் சுருக்கமில்லாமல், ஓரம் கத்தரித்து, பழகிய கை சுற்றியிருந்தது.

ஒருமுறை காற்று அடிக்க வந்தவளிடம் அவன் கேட்டது நினைவுக்கு வந்தது.

"என்ன ஆத்தா, பறக்குதா?"

"பறக்குதுண்ணே. ஆனா கண்ணாடியப் பாத்தா எங்கப்பா மூஞ்சிதேன் தெரியுது."

இருவரும் சிரித்தார்கள். அவன் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது. நான் கொல்லவில்லை. மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. தன்னிடமிருந்து இறங்கும் பழி யார் தலையில் போய் ஏறும் என்பது, நிமிர்ந்து பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது.

"என்ன தம்பி, அறுத்தாச்சா?"

கருத்தக்கண்ணன் முதுகால் மறைத்துக்கொண்டு இன்னும் குனிந்தான். பிளாஸ்டரை உரித்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான். முறுக்கைப் பிரித்தான்.

பிறகு நகர்ந்து, விலகிக் கிடந்த இரண்டு முனைகளையும் காட்டினான்.

"இது முன்னாடியே அறுத்ததுண்ணே. பிள்ளை வந்து கேட்டுச்சு, நாந்தேன் அறுத்து விட்டேன். அன்னைக்கு அது இருபத்தஞ்சுல போகல. வேகமாத்தேன் போயிருக்கு."

முத்துராஜா ஒயரைப் பார்த்தார். கடைக்கு வெளியே ஒரு பஸ் வந்து, ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக்கொண்டு போனது.

பிறகு குனிந்து காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார்.

கருத்தக்கண்ணன் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. மூடிய கையைத் திறக்கவும் இல்லை.

அந்தக் கார் கடைசிவரை அகப்படவில்லை. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். காமயகவுண்டன்பட்டி ஆட்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள், பிறகு கம்பத்து ஆட்களும். கருத்தக்கண்ணன் இப்போது ஆண்டிபட்டியில் வேறொருவர் ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறான்.

முத்துராஜா தோட்டத்துக்குப் போய்வருகிறார். தினமும் படுக்கப் போகும்போது கருத்தக்கண்ணனை வாயில் வந்தபடி ஏசுவதாக அவர் மனைவி அன்னத்தாய் சொல்கிறாள். ஏசி முடித்ததும் தூங்கிவிடுகிறாராம்.