இரண்டு கேபிளையும் பிடுங்கிய பின்

துபாயில் நாற்பது சர்வர்களை மேய்த்த ஹுஸைஃபாவுக்கு, தென்காசி மருத்துவமனையின் லினக்ஸ் சர்வரில் காய்ந்திருந்த ஆயுத பூஜைச் சந்தனத்தைப் பார்த்ததுமே இளக்காரம். ஒரு நெட்வொர்க் கேபிள் போனாலும் மற்றது தாங்கும்படி இரண்டு போர்ட்டுகளையும் டீமிங்கில் சேர்த்தான்.

"ரெண்டையும் புடுங்குனாத்தான் கனெக்‌ஷன் நிக்கும்," என்றான்.

"நிக்காது சார். போன தடவ வந்தவரும் புடுங்கிப் பாத்தாரு," என்றாள் சீட்டு பதியும் அபர்ணா.

"ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காதும்மா."

ஒன்றைப் பிடுங்கினான். சோதித்துப் பார்க்க வைத்திருந்த லேப்டாப்பில் சர்வரின் பதில் வரிவரியாக வந்தது. இரண்டாவதையும் பிடுங்கினான். அப்போதும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கரண்ட் வயரையே உருவினான். விசிறி நின்று சர்வர் இருண்டது. பதில் வந்துகொண்டே இருந்தது.

"தள்ளி நில்லுங்க சார், வெளிச்சத்த மறைக்குதிய," என்று சொல்லிவிட்டு, அபர்ணா அடுத்த நோயாளியின் பெயரை அதே சர்வரில் ஏற்றினாள்.